பதிவேற்றிய பாடலில் ஒலித் திரிபு: காரணம் காணும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், நீலகிரிக்கும் கோயம்புத்தூருக்கும் அடுத்தாற்போல் அமைந்துள்ளது அட்டப்பாடி மலைப்பகுதி. அங்கு வாழும் இருளர் குலத்தவரான நஞ்சியம்மா இருள மொழியில் பாடிய பாடல், 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த 'ஐயப்பனும் கோஷியும்' என்னும் மலையாளத் திரைப்படத்தில் இடம்பெற்றது. படம் வெளியாவதற்கு முன்பே அப்பாடலின் காணொளி யூடியூப் தளத்தில் ஏற்றப்பட்டது. பெரும்பாலோர் பெயரளவிலும் அறிந்திராத ஒரு மலைமொழி, அதன் வழியாக எண்ணற்ற வீடுகளை எட்டியது. 2020-ஆம் ஆண்டுத் திரைப்படங்களுக்கான தேசிய விருதுகள் 2022-இல் அறிவிக்கப்பட்டபோது, சிறந்த பின்னணிப் பாடகி விருது நஞ்சியம்மாவுக்கு வழங்கப்பட்டது.

திரைப்படப் பாடலுக்குத் தேர்ந்த ஒலிப்பொறியாளரின் துணை உண்டு. ஊர்த் திண்ணையில் செல்பேசியுடன் அமர்ந்து முதியோரின் பாடலைப் பதிவு செய்யும் ஆசிரியருக்கோ, கள ஊழியருக்கோ அத்துணை இல்லை. அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர். இடுக்கி மாவட்டத்தில் மறையூர், வட்டவடைப் பக்கங்களில் முதுவர். கோவில்மலையில் மன்னான் குலத்தார் ஆகிய இவர்களுடைய பாடல்களிற் பல ஏட்டில் எழுதப்பட்டவை அல்ல. பாடத் தெரிந்தவர் நினைவே அவற்றின் ஏடு. ஆதலால் அங்கு எடுக்கப்படும் ஒரு பதிவு கரகரத்துக் கெட்டுப்போனால், மறுமுறை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுவதற்கில்லை. பாடியவர் அடுத்த ஆண்டு இல்லாமற் போகலாம்.

“செல்பேசியில் கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது, தளத்தில் ஏற்றிய பிறகு கெட்டுவிட்டது” என்பது இத்தகைய பதிவுகளைப் பற்றி வழக்கமாக எழும் முறையீடு. இது சில வேளைகளில் உண்மை. பெரும்பாலான வேளைகளில், கேடு பதிவேற்றத்துக்கு முன்னரே கோப்பில் குடிகொண்டிருக்கும். தளம் அதனை வெளிக்காட்டியிருக்கும், அவ்வளவே. எந்தக் கட்டத்தில் கேடு புகுந்தது என்று அறியாமல் மீண்டும் மீண்டும் பதிவேற்றிப் பார்ப்பது வீண் முயற்சியாகும்.

கண்ணி கண்ணியாகச் சோதித்தல்

பாடகரின் வாயிலிருந்து கேட்போரின் காதுவரை ஒலி ஒரு சங்கிலியின் வழியே செல்கிறது. ஒலிவாங்கி, பதிவுக் கருவி, தொகுப்பு மென்பொருள், ஏற்றுமதி செய்த கோப்பு, தளத்தில் மறுபடியும் குறியாக்கப்பட்ட பிரதி, கேட்பவரின் செல்பேசி ஆகியவை அதன் கண்ணிகள். திரிபு கேட்கும் ஓர் இடத்தை, உதாரணமாகப் பாடலின் 42-ஆம் வினாடியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கடைசிக் கண்ணியிலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். முதலில் அதே காணொளியை வேறொரு செல்பேசியில், கம்பியுள்ள காதொலிப்பானைப் பொருத்திக் கேட்க வேண்டும். திரிபு மறைந்தால் குற்றம் முதற் செல்பேசியின் சிறிய ஒலிபெருக்கியிலோ புளூடூத் இணைப்பிலோதான் இருக்கிறது. புளூடூத் காதொலிப்பானின் ஒலிவாங்கியும் இயங்கிக்கொண்டிருந்தால், பல கருவிகளில் ஒலி தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். பாட்டு பழைய டிரங்கு அழைப்புப்போலக் கேட்பதற்கு இதுவே காரணம்.

அங்கும் திரிபு கேட்டால், பதிவேற்றிய கோப்பைக் கணினியில் திறந்து அதே 42-ஆம் வினாடியைக் கேட்க வேண்டும்; அடுத்து, தொகுப்புக்கு முந்திய மூலப்பதிவைக் கேட்க வேண்டும். எந்த இரு கட்டங்களுக்கு நடுவில் ஒலி மாறுகிறதோ அங்கேதான் காரணம் உள்ளது. செல்பேசியின் ஒலிபெருக்கியிலேயே எல்லாக் கட்டங்களையும் சோதிப்பவர் ஒன்றையும் கண்டுபிடிக்க மாட்டார். சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த சுரங்களை வெளியிடுவதேயில்லை. கெட்ட பதிவும் அதில் நல்லதுபோலவே கேட்கும். “செல்பேசியில் நன்றாகத்தான் இருந்தது” என்னும் சாட்சியத்தை அதனால்தான் அப்படியே ஏற்பதற்கில்லை.

உச்சி வெட்டுப்படுதல்

திரிபுகளுள் தலையாயது இது. கிளிப்பிங் என்று வழங்கப்படுவது. ஒலி என்பது காற்றின் அழுத்தத்தில் உண்டாகும் ஏற்ற இறக்கம். ஒலிவாங்கி அதனை மின்னழுத்த மாறுதலாக்குகிறது. பதிவுக் கருவி அம்மின்னழுத்தத்தை வினாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாகக் குறித்துக்கொள்கிறது. 16 பிட் முறையில் அவ்வெண்களுக்கு 65,536 படிகள் உண்டு. மிக உயர்ந்த படிக்கு மேல் ஒலி எழும்போது குறிப்பதற்கு எண் கிடையாது. ஆகவே அலையின் உச்சி, கத்தியால் சீவிய பனங்காய்போல மழுங்கிப்போகிறது.

மழுங்கிய அலை ஏன் கரகரக்கிறது? வினாடிக்கு 400 அதிர்வு கொண்ட ஒரு தூய சுரத்தின் உச்சிகள் மேலும் கீழும் சமமாக வெட்டப்பட்டால், 1,200, 2,000, 2,800 என ஒற்றைப்படை மடங்குகளில் புதிய சுரங்கள் தோன்றுகின்றன. அவை ஓரளவேனும் மூலச் சுரத்துடன் உறவுள்ளவை. இரண்டு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது வெட்டு ஏற்பட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். 400, 450 ஆகிய இரு சுரங்கள் சேர்ந்தால் 350, 500 அதிர்வுகளில் யாரும் பாடாத சுரங்கள் முளைக்கின்றன. 400-ஐச் சட்ஜமாகக் கொண்டால் 350 எந்தச் சுரத்தானத்திலும் சரியாகப் பொருந்தாது. குரலும் சுருதியும் தாளக் கருவியும் ஒன்றாகச் சேரும் பாட்டில் இவ்வாறு நூற்றுக்கணக்கான அந்நியச் சுரங்கள் நுழைகின்றன. செவி அவற்றைக் கரகரப்பு என்று உணர்கிறது.

செண்டையும் தவிலும் முழங்கும் இடங்களில் இது எளிதில் நேரும். அட்டப்பாடி இருளரின் வாத்தியங்களான பொறை, தவில், கொகல், ஜால்ரா ஆகியவை திறந்த வெளியில் ஆடுவோருக்குக் கேட்கும்படி அமைந்தவை. முழவின் மீது கோல் விழும் கணத்தில் எழும் உச்சி, சராசரி ஒலியைப்போலப் பல மடங்கு உயரமானது. சில மில்லி வினாடிகளே நீடிப்பது. திரையில் அசையும் அளவு மானி அதைத் தவற விடலாம். ஆகவே பதிவுக்கு முன்னர், மிகப் பலமாக வாசிக்கச் சொல்லி அளவை அமைத்துக்கொள்வது நல்லது. கருவியின் உச்ச அளவை 0 டெசிபெல் என்று கொண்டால், உச்சிகள் கழித்தல் 12 டெசிபெல் அளவில் நிற்க வேண்டும். அதாவது உச்ச உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இவ்வளவு தாழ்த்தினால் தரம் குறையாதா என்னும் ஐயம் எழலாம். 16 பிட் முறை ஏறத்தாழ 96 டெசிபெல் வீச்சுக் கொண்டது. 12 போக 84 எஞ்சும். எந்தக் கிராமத்து முற்றத்தின் அமைதியையும் உள்ளடக்க அது தாராளமாகப் போதும்.

அளவைத் தாழ்த்தியும் கரகரப்பு நீங்காவிட்டால், ஒலிவாங்கியிலோ அதனை அடுத்துள்ள முன்பெருக்கியிலோ வெட்டு ஏற்பட்டிருக்கும். இதற்கு நல்ல அடையாளம் ஒன்றுண்டு. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அலையை விரித்துப் பார்த்தால், உச்சிகள் 0 டெசிபெல் கோட்டைத் தொடாமலேயே, நடுவழியில் சமதளமாக நிற்கும். முன்னர் எங்கோ வெட்டுப்பட்ட அலை பின்னர்த் தாழ்த்தப்பட்டிருக்கிறது என்பது இதன் பொருள். கருவியைத் தள்ளி வைப்பதே இதற்குப் பரிகாரம். திறந்த வெளியில் தூரத்தை இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறையும். செண்டைக்கு ஒரு மீட்டரில் இருந்த ஒலிவாங்கியை நான்கு மீட்டருக்குக் கொண்டுசென்றால் 12 டெசிபெல் செலவின்றிக் கிடைக்கிறது. பாலக்காடு மணி ஐயர் பிற்காலத்தில் ஒலிபெருக்கியின்றி வாசிப்பதையே விரும்பினார் என்பது இசையுலகம் அறிந்தது. மிருதங்கத்தின் நாதம் கருவியருகே ஒன்று, சற்றுத் தள்ளி வேறொன்று என்பதைக் கேட்டறிந்தவர்களுக்கு அவ்விருப்பம் வியப்பளிக்காது.

கணவாய்க் காற்று

இவ்வெல்லைப் பகுதிகளுக்கே உரிய இடையூறு காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாயின் வழியே தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்தும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் காற்று வீசுகிறது. கஞ்சிக்கோட்டிலும், இடுக்கி எல்லையில் தேனிச் சமவெளியை நோக்கி நிற்கும் இராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் நிறுவப்பட்டிருப்பதற்குக் காரணம் வேறில்லை. மின்சாரத்துக்கு உதவும் அக்காற்று ஒலிப்பதிவுக்குப் பகையாகிறது.

காற்று ஒலிவாங்கியின் முகத்தில் மோதிச் சுழலும்போது, அங்கேயே அழுத்த மாறுதல்கள் உண்டாகின்றன. இவை பெரும்பாலும் 200 அதிர்வுக்குக் கீழ்ப்பட்டவை. சிறிய ஒலிபெருக்கியில் கேட்காதவை. ஆனால் பதிவுக் கருவி அவற்றையும் அளக்கிறது. பேரலையின் மேல் ஏறிய படகுபோலப் பாடகரின் குரல் அந்த மெதுவான அலையின் மேல் ஏறி நிற்க, அலை உச்சத்தைத் தொடும்போதெல்லாம் குரலும் வெட்டுப்படுகிறது. கேட்பவருக்குக் காற்றின் ஓசை தெரியாது. குரல் விட்டுவிட்டுக் கிழிவது மட்டும் தெரியும். 'லோ கட்' என்னும் தாழ்சுர வடிகட்டி பதிவுக் கருவியில் இருந்தால் அதைப் பதிவின்போதே இயக்க வேண்டும். தொகுப்பின்போது வடிகட்டினால் காற்றின் இரைச்சல் போகும். வெட்டுப்பட்ட குரல் ஒட்டாது.

கடற்பஞ்சு உறை வலுவான காற்றுக்குப் போதாது. நீண்ட மயிரிழைகள் கொண்ட உறை அதனினும் மிகுந்த பலனளிக்கும். உறை இல்லாத இடத்தில், காற்று வரும் திசைக்குச் சுவரையோ வைக்கோற் போரையோ மறைவாகக் கொண்டு பாடகரை அமர்த்துவது எளிய வழி. ஆடுவோருடன் வெளியில் நின்று பாட வேண்டிய பாடலாயின், காலையில் காற்றெழுவதற்கு முன் பதிவை முடித்துக்கொள்ளலாம்.

செல்பேசியின் மிகையான உதவி

செல்பேசி பேச்சுக்கென்று பிறந்த கருவி. பேசுபவர் குரல் தாழ்ந்தால் அளவை உயர்த்துவதும், உயர்ந்தால் தாழ்த்துவதும், மாறாமல் ஒலிக்கும் ஓசையை இரைச்சல் என்று கருதி அழிப்பதும் அதன் இயல்பு. தம்பூராவும் சுருதிப் பெட்டியும் மாறாமல் ஒலிப்பவை. எனவே அவையும் மின்விசிறியும் அதற்கு ஒன்றே. கல்பாத்தி போன்ற இசைமரபு மிக்க ஊரிலே கச்சேரியைப் பதிவு செய்து, சுருதி மெல்ல மெல்லத் தேய்ந்து மறைவதைக் கண்டு வியப்போருக்கு இதுவே விடை. தவிலின் ஒவ்வோர் அடிக்கும் பின்னர்க் குரல் பதுங்கி மீண்டும் எழுவது தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டின் வேலை. இரண்டையும் நிறுத்திவைக்க இடமளிக்கும் பதிவுச் செயலியைத் தேர்ந்து, சுருக்கப்படாத 'வேவ்' வடிவில் பதிவது முறை. படத்தைச் செல்பேசியும், ஒலியைத் தனிக் கருவியும் பதிவு செய்தால் இன்னும் நல்லது. நீண்ட நிகழ்ச்சிகளில் இரண்டின் கடிகாரங்களும் சிறிது விலகும் என்பதால், தொடக்கத்திலும் முடிவிலும் ஒருமுறை கை தட்டிப் பதிந்துவைத்தால் பின்னர்ப் பொருத்துவது எளிதாகும்.

குரல் மட்டும் மறைதல்

திருவிழா மேடையின் மிக்சரிலிருந்து நேராகக் கம்பி இழுத்துக் கேமராவில் பதிவு செய்யும்போது நேரும் விந்தை ஒன்று உண்டு. காதொலிப்பானில் பாட்டு கேட்கிறது. ஒற்றை ஒலிபெருக்கியுள்ள செல்பேசியில் மௌனம் நிலவுகிறது, அல்லது குரல் மறைந்து எதிரொலி மட்டும் எஞ்சுகிறது. மிக்சரின் சமன்பட்ட வெளியீட்டில் ஒரே ஒலி இரு கம்பிகளில், ஒன்றுக்கொன்று நேர்மாறாகச் செல்கிறது. அதைக் கேமராவின் ஸ்டீரியோ நுழைவாயிலில் செருகினால், ஒரு கம்பி இடமாகவும் மற்றது வலமாகவும் பதிவாகிறது. செல்பேசி இரண்டையும் கூட்டி ஒன்றாக்கும்போது கூட்டலும் கழித்தலும் சேர்ந்து பூச்சியமாகிறது. இந்தக் கேடு மீளக்கூடியது என்பது ஆறுதல். தொகுப்பில் ஒரு பக்கத்தை நீக்கிவிட்டு மற்றதை இரு பக்கமும் வைத்தால் போதும். மென்பொருளில் ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கினாலும் சரியாகும். ஏற்றுவதற்கு முன் எந்தக் காணொளியையும் ஒருமுறை ஒற்றை ஒலியாகக் கூட்டிக் கேட்பது நல்ல வழக்கம்.

அதே இணைப்பில் வேறொரு கேடும் நேரும். மிக்சர் வெளியிடுவது ஒரு வோல்ட் அளவிலான மின்னழுத்தம். கேமராவின் ஒலிவாங்கி நுழைவாயில் எதிர்பார்ப்பதோ சில மில்லிவோல்ட். நடுவில் அளவைக் குறைக்கும் இணைப்பு இல்லாவிடில் முன்னர்ச் சொன்ன வெட்டு, தொடக்கமுதல் இறுதிவரை விடாது நீடிக்கும்.

தளம் செய்வது என்ன?

தளத்தின் பங்கை இனிக் காணலாம். அது இரண்டு காரியங்களைச் செய்கிறது. ஏற்றிய ஒலியைச் சுருக்கி மறுபடியும் குறியாக்குகிறது. பல பாடல்களின் உரப்பைச் சமன் செய்கிறது.

சுருக்கும் முறைகளான ஏ.ஏ.சி., ஓபஸ் போன்றவை, உரத்த ஒலியினால் மறைக்கப்பட்டுச் செவிக்கு எட்டாத நுட்பங்களை விட்டுவிடுகின்றன. ஒருமுறை செய்தால் இழப்பு சாதாரணமாகத் தெரியாது. ஏற்கெனவே சுருக்கியதை மீண்டும் சுருக்கும்போது இழப்பின்மேல் இழப்பு சேர்கிறது. ஜால்ராவும் இலைத்தாளமும் இதை முதலில் காட்டிக்கொடுக்கும். அவற்றின் கணீரென்ற ஒலி நீரில் அளைவதுபோலச் சலசலக்கும். ஏ.ஏ.சி. முறை ஒலியை 1,024 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது; 48,000 கணக்கில் ஒரு துண்டு ஏறத்தாழ 21 மில்லி வினாடி. சிக்கனம் மிகும்போது தாளத்தின் அடிக்கு முன்னரே அதன் நிழல்போன்ற ஓசை கேட்கத் தொடங்குவது இதனால்தான். வாட்ஸ்அப் வழியே சாதாரணக் காணொளியாக அனுப்பிப் பெற்ற கோப்பை ஏற்றுவோர் இவ்வினையைத் தாமே தேடிக்கொள்கின்றனர். அனுப்பித்தான் ஆக வேண்டுமானால் ஆவணமாக அனுப்ப வேண்டும். அப்போது கோப்பு மாறாமற் செல்லும். யூடியூப் தளம் ஸ்டீரியோ ஒலியை ஏ.ஏ.சி. வடிவில், 48,000 மாதிரி வீதத்தில், வினாடிக்கு 384 கிலோபிட் அளவில் தருமாறு பரிந்துரைக்கிறது.

சுருக்கும்போது அலையின் உருவம் சிறிது மாறுவதால், 0 டெசிபெல்லை ஒட்டி நின்ற உச்சிகள் எல்லையைத் தாண்டிவிடலாம். ஏற்றிய கோப்பில் இல்லாத கரகரப்பு தளத்தின் பிரதியில் தோன்றுவதற்கு இது ஒரு மெய்யான காரணம். உச்சிகளைக் கழித்தல் 1 டெசிபெல்லில் நிறுத்துவது இதற்கு ஈடுகொடுக்கும்.

உரப்பு விஷயத்தில் நிலவும் தவறான எண்ணம் பெருந்தீங்கு விளைவிக்கிறது. பாடல் பலமாகக் கேட்க வேண்டும் என்று தொகுப்பில் ஒலியை உயர்த்தி, உச்சிகளை நசுக்கி ஏற்றுகிறார்கள். உரப்பை அளக்கும் சர்வதேச முறை 2006-ஆம் ஆண்டில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தால் வகுக்கப்பட்டது. எல்.யூ.எஃப்.எஸ். என்பது அதன் அலகு. யூடியூப் ஏறத்தாழ கழித்தல் 14 அளவுக்கு மேற்பட்ட பாடல்களை அந்த அளவுக்கு இறக்கி ஒலிக்கச் செய்கிறது. கழித்தல் 8 வரை உயர்த்தி ஏற்றிய பாடல் 6 டெசிபெல் தாழ்த்தப்படும். அதாவது அலையின் உயரம் பாதியாகும். நசுக்காமல் கழித்தல் 14-இல் ஏற்றிய பாடலும் அதுவும் ஒரே பலத்துடன்தான் கேட்கும். முன்னதில் கோல் விழும் துடிப்பு செத்திருக்கும். பின்னதில் உயிருடன் இருக்கும். கணினியில் காணொளியின் மீது வலப்பொத்தானை அழுத்தித் தொழில்நுட்ப விவரங்களைத் திறந்தால், உள்ளடக்க உரப்பு எத்தனை டெசிபெல் மிகையாக இருந்தது, எத்தனை சதவீதம் தாழ்த்தப்பட்டது என்பதை அங்கேயே காணலாம். விவாதத்துக்கு இடமில்லாத சான்று அது.

சுருதி ஏறுதல்

பாட்டு வேகமாகவும், சுருதி உயர்ந்தும் கேட்டால் மாதிரி வீதம் தவறாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. 44,100 வீதத்தில் பதிந்ததை 48,000 என்று எண்ணி ஒலிக்கச் செய்தால், ஐந்து நிமிடப் பாடல் ஏறத்தாழ 276 வினாடிகளில் முடிந்துவிடும். சுருதி ஒன்றரை அரைச்சுரம் ஏறும். தொகுப்பின் தொடக்கத்திலேயே வீதத்தை 48,000 என அமைத்து, பிற கோப்புகளை முறையாக மாற்றிச் சேர்த்தால் இது நேராது.

ஏற்றிய காணொளியின் ஒலியை மட்டும் புதிய கோப்பால் மாற்றியமைக்க யூடியூப் இடமளிப்பதில்லை. புதிதாக ஏற்றினால் முகவரி மாறும். கண்டவர் எண்ணிக்கையும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். ஆகவே முதலில் பட்டியலில் தோன்றாதவாறு ஏற்றி, மேற்கூறிய முறையில் இரண்டு மூன்று கருவிகளில் கேட்டபின் வெளியிடுவது உசிதம்.

வெட்டுப்பட்டுவிட்ட பதிவைப் பழுதுபார்க்கும் மென்பொருள்கள் உள்ளன. வெட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள அலையைக் கொண்டு, நடுவில் இருந்திருக்கக்கூடியதை ஊகித்து அவை நிரப்புகின்றன. சில மாதிரிகளே இழந்த இடத்தில் ஊகம் நன்கு அமையும். நெடுநேர வெட்டில் அமையாது. எவ்வாறாயினும் பழுதுபார்த்தது ஒரு பிரதியே. கெட்ட மூலத்தையும் அழிக்கலாகாது. நாளை இதனினும் நல்ல முறை வரலாம். செல்பேசியின் நினைவகம் நிரம்பிவிட்டது, தளத்தில்தான் பிரதி இருக்கிறதே என்று மூலத்தை நீக்குவோர், கேட்போருக்கென்று சுருக்கிய ஒன்றையே மூலமாக்கிவிடுகின்றனர்.

சுருக்கப்படாத ஸ்டீரியோ பதிவு, 16 பிட், 48,000 வீதத்தில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 11.5 மெகாபைட் இடம் கொள்ளும். ஒரு மணி நேரத்துக்கு 700 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு சிறிய நினைவக அட்டையில் ஓர் ஊரின் பாடல்கள் முழுவதும் அடங்கிவிடும். இரண்டு அட்டைகளில் எடுத்து, ஒன்றைப் பள்ளியிலும் மற்றதைப் பாடியவரின் குடும்பத்திடமும் வைக்கலாம். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஊர்ப் பெயர், நாள், பாடுபவர் பெயர், எந்தச் சடங்கில் பாடப்படுவது என்னும் விவரங்களைப் பாடுபவர் வாயாலேயே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பத்து வினாடிப் பேச்சு, ஒலியளவு சரியாக அமைந்துள்ளதா என்று பார்க்கவும் உதவும்.